ஐந்துக்கு ஐந்து

அக்டோபர் 7, சனி

இன்றிலிருந்து நான் பாறைத்துறை கல்லூரிக் கால்பந்து அணியின் ஸ்கோரர். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவள் கல்லூரி அணிக்கு ஸ்கோரராக இருக்கலாமா என்று நானே கேட்டேன். ஃபிசிக்கல் டைரக்டர் ஞானதாஸ் சார், “ரூல்ஸ்ல எழுதத் தெரிஞ்ச ஒரு ஆளுன்னுதான் போட்டிருக்கு மக்ளே. எனக்க டீம்ல அப்படி ஒருத்தனும் இல்ல” என்றார்.

அப்பாதான் கல்லூரி வேன் ஓட்டுகிறார். அண்ணன் ஜோபின் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் பேக். அதனால் சனிக்கிழமைதோறும் எப்படியும் நான் வேனில் போகிறவள்தான். இனி வேலையோடு போவேன்.

மண்டலப் போட்டியில் எட்டுக் கல்லூரிகள். எங்களுக்கு ஏழு ஆட்டம். போன வருடம் எட்டாவது இடம். இன்று முதல் ஆட்டம், 0–3. கோல் கீப்பர் கிங்ஸ்லி அண்ணன் வேனில் ஏறியதும், “மூணுதானே? எண்ண முடியிற அளவுக்குத்தான் விட்டிருக்கேன்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

தாளில் கேட்காத ஒன்றையும் நான் எண்ணினேன். அண்ணன் இன்று பதினேழு முறை பந்தைத் தலையால் அடித்தான். அவனுக்கு அணியில் பெயரே ‘மண்டை’. இது அவனுக்குக் கடைசி வருடம். யுனிவர்சிட்டி அணிக்கு எடுத்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலை கிடைக்கும். வீட்டில் எல்லாரும் அந்த வேலை ஏற்கெனவே கிடைத்துவிட்டது போலத்தான் பேசுகிறோம்.

அக்டோபர் 14, சனி

1–1. முதல் புள்ளி!

52ஆம் நிமிடம் எதிரணிக்காரனின் முழங்கை அண்ணனின் நெற்றிப்பொட்டில் பட்டது. நாற்பது விநாடி தரையில் கிடந்தான். கிங்ஸ்லி அண்ணன் ஓடிவந்து ஒரு பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றி, முகத்துக்கு நேரே கையை விரித்து, “லேய் மண்டை, என்ன தெரியுது?” என்று கேட்டார்.

“ஒனக்க கைல அழுக்குதான் தெரியுது” என்றான் அண்ணன்.

எழுந்து ஆடினான். அடுத்து எதிரணிக்குக் கிடைத்த கார்னருக்கு நம் கோலைக் காக்காமல் அவர்களின் கோலருகே போய் நின்றான். மைக்கில் பேசுகிறவர், “பாறைத்துறை ஸ்டாப்பருக்குப் பரந்த மனசு, அங்கேயும் காவல் காக்கிறார்!” என்றார். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

கோவிலுக்குப் போய்வந்து நெத்திலி ஆய்ந்தேன். வேதியியல் இரண்டாம் பாடம் முடித்தேன்.

நேற்று என்ன ஸ்கோர் என்று அண்ணன் சாப்பிடும்போது கேட்டான். சொன்னேன். கை கழுவிவிட்டு வந்து மறுபடி கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது “ஒன்றுக்கு ஒன்று” என்று ராகம் போட்டுப் பாடினேன். அவன் சிரிக்கவில்லை.

அக்டோபர் 18, புதன்

தலை வலிக்கிறது, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அண்ணன் விளக்கை அணைக்கச் சொன்னதால் சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். நேற்றும் அப்படித்தான்.

அக்டோபர் 20, வெள்ளி

வேறொரு மண்டலத்தில் தலையில் அடிபட்ட ஒரு மாணவன் ஆட்டம் முடிந்து மயங்கி விழுந்தானாம். அதனால் இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு டாக்டர் வருவார். தலையில் அடிபட்டால் டாக்டர் ஐந்து கேள்வி கேட்பார். ஒன்று தவறினாலும் வெளியே. அப்படி வெளியேறுகிறவன் மூன்று வாரம் ஆடக் கூடாது.

சுற்றறிக்கை எல்லாக் கல்லூரிக்கும் வந்திருக்கிறது. அதிலேயே ஐந்து கேள்வியும் அச்சடித்திருக்கிறது! இது எந்த மைதானம்? இப்போது எந்தப் பாதி? இன்று கடைசியாக கோல் போட்டது யார்? போன ஆட்டம் யாரோடு? அதில் ஜெயித்தோமா?

ஞானதாஸ் சார் அணியை நிறுத்திவைத்து இரண்டு முறை வாசித்தார். “கேள்வித்தாள் முன்னாடியே வந்தாச்சு. இதுலயும் ஃபெயிலானா உங்களக் கொண்டு ஒண்ணும் செய்ய முடியாது. நல்லாப் படிச்சிட்டு வாங்கடே” என்றார்.

சாயங்காலம் அண்ணன் என் மேசையருகே வந்து நின்றான். அவன் என்னிடம் எதுவும் கேட்டு வருகிறவன் அல்ல.

“ஏட்டி பெனிலா, நீ எல்லாருக்கும் இம்பார்ட்டண்ட் கொஸ்டின் குறிச்சுக் குடுப்பியே. எனக்கும் சொல்லிக் குடு.”

“இதுல படிக்க என்ன இருக்கு அண்ணே? பாத்தாத் தெரியும்லா?”

“அடிபட்ட நேரத்துல ஒண்ணும் வராது. புகை மாதிரி இருக்கும்.”

கொஞ்ச நேரம் யோசித்தேன். மைதானம், போன ஆட்டம், அதன் முடிவு – இந்த மூன்றையும் மனப்பாடம் செய்யலாம். சனிக்கிழமை காலையில் ஒப்பிக்க வைப்பேன். எந்தப் பாதி, யார் கோல் என்ற இரண்டும் ஆட்டத்தில்தான் தெரியும். நான் ஸ்கோரர் மேசையில் இருப்பேன். இடது கை விரல் பாதியைக் காட்டும், வலது கை விரல் கோல் போட்டவரின் சட்டை எண்ணை, ஐந்துக்கு மேல் என்றால் இரண்டு மூன்று தடவையாக. கையை மூடினால் கோல் இல்லை.

என் திட்டம் எனக்கே பிடித்திருந்தது. நாலு முறை ஒத்திகை பார்த்தோம். அண்ணன் என் தலையில் செல்லமாகக் குட்டினான்.

அக்டோபர் 21, சனி

வென்றோம்! 1–0!

64ஆம் நிமிடம் இரண்டு தலைகள் மோதின. சத்தம் மேசை வரை கேட்டது. தேங்காயைத் தேங்காயோடு மோதினால் வருமே, அது. டாக்டர் மெர்லின் குடையை எறிந்துவிட்டு ஓடினார். எங்கள் கணக்கு டீச்சரைவிட இளையவராகத் தெரிந்தார். அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். இடது கையில் இரண்டு விரல். வலது கையை மூடினேன்.

ஐந்துக்கு ஐந்து.

பத்து நிமிடம் கழித்து கார்னரில் அதே தலையால் கோல் போட்டான். எல்லாரும் அவன் மேல் விழுந்தார்கள். என் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை. தேர்வில் நானே முதல் மதிப்பெண் வாங்கியது போல இருந்தது.

வரும் வழியில் பரோட்டா. அண்ணன் சாப்பிடாமல் வேனில் தூங்கினான். வீடு வந்ததும் எழுப்பினேன். மூன்றாம் முறைதான் கண் திறந்தான். களைப்பு.

அக்டோபர் 28, சனி

மழை. ஆட்டம் தள்ளிப்போனது. அண்ணன் முற்றத்து அயினிமரத்தில் கயிறு கட்டிப் பந்தைத் தொங்கவிட்டு தலையால் அடித்துப் பழகினான். நனைந்த பந்து வாளித் தண்ணீர் போலக் கனக்கிறது, நான் தூக்கிப் பார்த்தேன். நூறு வரை எண்ணிவிட்டு உள்ளே போனேன். பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நவம்பர் 4, சனி

0–2. அண்ணன் ஒருமுறை தலை மோதி விழுந்தான். டாக்டர் அந்த நேரம் வேறு ஒருவனின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நல்லவேளை.

நவம்பர் 7, செவ்வாய்

பள்ளி நூலகத்தில் முதலுதவிப் புத்தகம் ஒன்று எடுத்தேன். தலைக்காயத்துக்கு ஏழு அறிகுறிகள் போட்டிருக்கிறது: தலைவலி, வெளிச்சம் தாங்காமை, மறதி, அதிகத் தூக்கம், எரிச்சல், வாந்தி, நடை தடுமாறுதல்.

அண்ணனுக்கு ஐந்துதான் இருக்கிறது. முழுமை இல்லை. புத்தகமும் பழையது, முன்னட்டை போயிருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துவரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பயணக் கட்டுரை நூல் எடுத்துவந்தேன்.

நவம்பர் 11, சனி

2–1, வெற்றி. அண்ணன் இருபத்தொரு ஹெட். பட்டியலில் நாம் நான்காவது! இந்தக் கல்லூரி நான்காவதாக வந்து எத்தனையோ வருடம் ஆகிறது என்று ஞானதாஸ் சார் கண்ணைத் துடைத்தார்.

திரும்பும்போது அண்ணன் ஜன்னல் வழியே வாந்தி எடுத்தான். “டீசல் மணம் ஒத்துக்கல போல” என்று அப்பா வேனை ஓரமாக நிறுத்தினார். பிறகு கழுவும்போது தனக்குத்தானே சொன்னார்: “சின்னப் பிள்ளையிலருந்து பதினாலு வருசமா எனக்ககூட இந்த வேன்லதான் வருகான். ஒருநாளும் எடுத்ததில்ல.”

ஆறு.

நவம்பர் 14, செவ்வாய்

கல்லூரிக்குப் போன அண்ணன் பத்து மணிக்கே திரும்பிவிட்டான். நான் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தேன், அதனால் பார்த்தேன். கால் முழுக்கச் சேறு. பஸ்ஸை விட்டுவிட்டேன் என்றான். அவன் தினமும் அப்பாவின் வேனில் போகிறவன்.

அம்மா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், “சாப்பிடுகியா மோனே?” என்றாள். ஏன் கத்துகிறாய் என்று அம்மாவிடம் கத்தினான். அம்மா கத்தவே இல்லை.

நவம்பர் 18, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

0–0. 70ஆம் நிமிடம் கோல் கம்பத்தில் தலை பட்டது. டாக்டர் மெர்லின் அவனை உட்காரவைத்துக் கேட்டார். மைதானம் எது என்ற முதல் கேள்விக்கே அவன் என்னைப் பார்த்தான். அது காலையில் பத்து முறை ஒப்பித்தது. நான் வாயசைத்துச் சொன்னேன். அவன் சொன்னான். அடுத்த நாலுக்கும் அப்படியே.

“அங்க யாரப் பாக்கிற? என்னப் பாத்துச் சொல்லு” என்றார் டாக்டர். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அட்டையோடு நேரே மேசைக்கு வந்தார்.

“நீ யாரும்மா?”

“ஸ்கோரர், டாக்டர்.”

“அவன் தங்கச்சியா?”

“ஆமா டாக்டர்.”

“பயப்படாம சொல்லு. வீட்ல எப்படி இருக்கான்? தலைவலி, மறதி, ஏதாவது?”

அவர் தோளுக்குப் பின்னால் அண்ணன் தெரிந்தான். தரையில் கையை ஊன்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லா இருக்கான். நல்லாப் படிக்கான்.”

அவர் அண்ணனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு விசில்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணன் மீதி இருபது நிமிடமும் ஆடினான்.

டிசம்பர் இரண்டாம் தேதி கடைசி ஆட்டத்துக்கு யுனிவர்சிட்டியிலிருந்து ஆள் எடுக்க இரண்டு பேர் வருகிறார்கள். ஞானதாஸ் சாரிடம் அண்ணன் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டார்களாம்.

நவம்பர் 25, சனி

கல்லூரித் தேர்வு. ஆட்டம் இல்லை. எனக்கும் அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது.

அண்ணன் மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறான்.

ஏழு.

துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவனிடம் சொன்னேன். பல நாள் யோசித்து வைத்ததைச் சொன்னேன்.

“அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஸ்கேன் எடுத்திரலாம். இந்த ஆட்டம் ஆடண்டாம்.”

“ஒரே ஒரு மேட்ச் ஏட்டி. அதுக்கப்புறம் நீ எங்க சொல்லுகியோ அங்க வாரேன்.”

“நான் அப்பாட்ட சொல்லுவேன்.”

“சொல்லு. மூணு வருசம் ஆடினதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்கூட இல்லாம நான் வீட்ல இருப்பேன். தினமும் காலைல எனக்க மொகத்தப் பாரு.”

அவன் குரல் உயரவில்லை. மடித்த சட்டையைக் கையில் எடுத்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தான். அதை மூன்று முறை செய்தான். தெரியாமல் செய்கிறான் என்று நினைக்கிறேன்.

அப்பா வேன் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசல் வரை போனேன். “என்ன மக்ளே?” என்றார். “ஒண்ணும் இல்லப்பா, சோப்பு வேணுமா?” என்று கேட்டுவிட்டு வந்தேன்.

டிசம்பர் 1, வெள்ளி

ஒப்பித்தோம். ஐந்தில் இரண்டு. மறுபடி ஒப்பித்தோம். மூன்று. அவன் சிரித்துக்கொண்டே, “நீதான் இருக்கியே” என்றான்.

டிசம்பர் 2, சனி

மருத்துவமனை நடைக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மழையிலேயே ஆட்டம் தொடங்கியது. பந்தலுக்கு அடியில் அந்த இரண்டு பேரும் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் நன்றாக ஆடினான். உண்மையிலேயே நன்றாக ஆடினான், முதல் இருபத்தாறு நிமிடம்.

27ஆம் நிமிடம் உயரமான பந்து ஒன்று. அண்ணனும் அவர்களின் ஃபார்வர்டும் ஒன்றாக எம்பினார்கள். ஃபார்வர்டு எழுந்துவிட்டான். அண்ணன் எழ நேரமானது.

டாக்டர் மெர்லின் இந்த முறை அவனுக்கும் எனக்கும் நடுவில் போய் நின்றார். அவன் தலையைச் சாய்த்து அவரைத் தாண்டி என்னைப் பார்த்தான்.

“எந்த மைதானம்?”

சரியாகச் சொன்னான்.

“இப்ப எந்தப் பாதி?”

அவன் காத்திருந்தான். என் இரண்டு கையும் மேசை மேல் இருந்தன. ஒரு விரலைத் தூக்கினால் போதும். நான் கைகளை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

கோலிலிருந்து கிங்ஸ்லி அண்ணன், “ஃபர்ஸ்ட் ஆஃப்லே மண்டை!” என்று கத்தினார். டாக்டர் திரும்பி, “வாய மூடுங்க” என்றார்.

“ரெண்டாவது” என்றான் அண்ணன்.

“கடைசி கோல் யாரு போட்டா?”

“நான்.”

அதுவரை கோலே விழவில்லை.

ஞானதாஸ் சார் சேற்றில் ஓடி வந்தார். “டாக்டரம்மா, அந்தா ரெண்டு பேரு இவனப் பாக்கத்தான் வந்திருக்காவ. ஒரு பத்து நிமிசம். பயலுக்க வாழ்க்கையாக்கும்.”

“அதத்தான் சார் நானும் பாக்கிறேன்” என்று டாக்டர் அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

மேசையைக் கடக்கும்போது அண்ணன் நின்றான். “ஏட்டி, ஏன்?” என்றான். அவ்வளவுதான்.

பெஞ்சில் துண்டு போர்த்தி உட்கார்ந்தான். டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். கால் மணி நேரத்தில் அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். டாக்டர் அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். “வண்டி, வண்டி” என்று கத்தினார். அப்பா அவனைத் தூக்கினார். அண்ணன் அப்பாவைவிட உயரம். கால் இரண்டும் சேற்றில் இழுபட்டன.

நாகர்கோவிலுக்கு நாற்பது நிமிடம். வேனில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் ஹாரன்.

உள்ளே கொண்டுபோனார்கள். மூளைக்கும் ஓட்டுக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருக்கிறது, புதிய ரத்தம் மட்டுமல்ல, பழையதும் இருக்கிறது என்றார்கள். மண்டையோட்டைத் திறக்கிறார்கள்.

ஆட்டத்தின் முடிவு தெரியாது. என் தாளில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

டிசம்பர் 3, ஞாயிறு

உயிர் இருக்கிறது. நினைவு இல்லை.

ஆபரேஷன் செய்த டாக்டர் வெளியே வந்து, இதற்கு முன் எத்தனை முறை அடிபட்டிருக்கிறது, எப்போதிலிருந்து தலைவலி என்று கேட்டார்.

“முன்னாடி ஒண்ணுமே இல்ல டாக்டர். நேத்து வர நல்லாத்தான் இருந்தான்” என்றாள் அம்மா. அவளுக்கு அப்படித்தான் தெரியும்.

நான் இந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் நின்றுகொண்டே வாசித்தார். பக்கத்தைப் புரட்டினார். பின்னால் போய் மறுபடி பார்த்தார். “யாரு எழுதினது?” என்றார்.

“நான்.”

“தேதி, நிமிஷம் எல்லாம் இருக்கு. இவ்வளவு ஒழுங்கான குறிப்பு எனக்கு இங்கயே யாரும் தர்றதில்ல.”

ஒரு விநாடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு அவர் நோட்டை மூடி என்னிடம் தராமல் அப்பாவிடம் கொடுத்தார். “நீங்க இதப் படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

டிசம்பர் 4, திங்கள்

அப்பாவின் கண்ணாடி மைதானத்தில் எங்கோ விழுந்துவிட்டது. நோட்டை இரவெல்லாம் மடியில் வைத்திருந்தார், அதனால் நேற்றையதையும் இன்றுதான் எழுதினேன். காலையில் என்னிடம் நீட்டினார்.

“வாசி.”

“அப்பா, நான் வாயால சொல்லிருதேன்.”

“எழுதினத வாசி.”

முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஞானதாஸ் சார் ஆப்பிள் பையோடு வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். கேள்வித்தாள் முன்னாடியே வந்தாச்சு என்று அவர் சொன்ன இடம் வந்தது. சார் தரையைப் பார்த்தார். பையை வைத்துவிட்டு எழுந்து போனார். அப்பா அவரைத் தடுக்கவில்லை.

“மேல வாசி.”

வாந்தி எடுத்த நாள் வந்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பதினெட்டாம் தேதி வந்தது. ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லா இருக்கான், நல்லாப் படிக்கான்.

“இன்னொரு தடவ வாசி.”

வாசித்தேன்.

“அந்த டாக்டர் பிள்ள ஒனக்க வாயில இருந்துதான் கேட்டிச்சு. நீ ஆமான்னு சொல்லியிருந்தா அன்னைக்கே அவன வெளிய எடுத்திருக்கும். இல்லியா?”

“ஆமாப்பா.”

“நான் வேன் கழுவும்போது வந்து நின்னியே. அப்ப சோப்பு கேக்கவா வந்த?”

“இல்லப்பா.”

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “வாந்தியக் கழுவினது நானாக்கும்” என்றார். “எனக்கும் தெரிஞ்சிருக்கணும்.”



டிசம்பர் 6, புதன்

இன்று அரையாண்டுத் தமிழ்த் தேர்வு. நான் போகவில்லை.

பதினொரு மணிக்கு நர்ஸ் வெளியே வந்து, “ஜோபின்கூட யாரு இருக்கா? கண்ணு முழிச்சிட்டாரு. ரெண்டு பேரு மட்டும் வாங்க” என்றார். அம்மா எழுந்தாள். அப்பா என்னைப் பார்த்தார்.

“நீயும் போ.”

அண்ணனின் தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. முகம் வீங்கி வேறு யாரோ போல இருந்தான். கண் திறந்திருந்தது. அது கூரையிலிருந்து மெதுவாக இறங்கி எங்களிடம் வந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஜோபின், இவங்க யாருன்னு சொல்லுங்க பாப்போம்” என்றார் நர்ஸ்.

நீண்ட நேரம் ஆனது.

“அம்மா” என்றான். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் ஒட்டிப் பிரிந்தது. அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“சரி. இது?”

அவன் என்னைப் பார்த்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மோனே, இது நம்ம...” என்று ஆரம்பித்தாள்.

“சொல்லிக் குடுக்காதீங்கம்மா” என்றார் நர்ஸ். “அவரே சொல்லட்டும்.”

அம்மா நிறுத்திக்கொண்டாள். இயந்திரம் ஒன்று விட்டு விட்டுக் கூவியது. அண்ணன் என் முகத்தில் எதையோ தேடினான். நெற்றியைச் சுருக்கினான். வாயைத் திறந்தான், மூடினான். நர்ஸ் அட்டையில் ஏதோ குறித்துவிட்டு, “அவசரமில்ல” என்றார்.

நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் இன்னும் சொல்லவில்லை.